சவரக்கத்தியும் சங்கீதமும்: ஒரு கொலைக்கதையின் பரிணாமம்

சங்கீதப் படம் என்றதும் ஆடலும் பாடலும் சுபமான முடிவும் நினைவுக்கு வருவது இயல்பாயிருக்க, கழுத்தறுப்பையும் நரமாமிச பட்சணத்தையும் பொருளாகக் கொண்டு, கதையின் பெரும்பகுதியைப் பாட்டாலேயே நடத்திச் செல்லும் ‘ஸ்வீனி டாட்’ என்னும் படத்தை 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க டைரக்டர் டிம் பர்ட்டன் உருவாக்கினார். அக்கதையோ அதற்கு முன்பே 160 ஆண்டுகள் பத்திரிகையிலும் நாடகமேடையிலும் பலமுறை உருமாறி வந்தது. அவ்வுருமாற்றங்களை வரிசைப்படுத்தி நோக்கினால், நாவிதன் கொலை செய்வதற்கு ஒவ்வொரு காலத்தவரும் ஒவ்வொரு காரணம் கற்பித்திருப்பதும், பணத்தாசையில் தொடங்கிய அக்காரணம் அநீதியாகவும் சமூகத்தின் கொடுமையாகவும் விரிந்து, இறுதியில் ஒரு தனிமனிதனின் துயரத்தில் வந்து ஒடுங்குவதும் புலனாகும். அவ்வொடுக்கம் பர்ட்டனின் கலைமுறையால் நேர்ந்தது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எட்வர்ட் லாயிட் என்பார் லண்டனில் வெளியிட்ட வாரப் பத்திரிகையொன்றில், 1846 நவம்பர் முதல் 1847 மார்ச் வரை, ‘முத்துச் சரம்’ என்று பொருள்படும் தலைப்புடன் இக்கதை தொடராக வந்தது. பாமரரும் வாங்கிப் படிக்கத்தக்க மலிவான பயங்கரக் கதைகள் பெருகியிருந்த காலம் அது. பிளீட் தெருவில் கடை வைத்திருக்கும் டாட், சவரத்துக்கு வந்தவர்களை நாற்காலியோடு கவிழ்த்து நிலவறையில் தள்ளி, அவர்களுடைய உடைமைகளைக் கவர்ந்துகொள்கிறான். உடல்களோ, லவெட் என்பவளின் கடையில் மாவுக்குள் பொதிந்து சுட்டு விற்கும் பண்டமாகின்றன. அவன் பொருளாசை பிடித்த பாதகன். அதற்கு மேல் அவனைப் பற்றி அறிய எதுவுமில்லை. 1847-லேயே ஜார்ஜ் டிப்டின் பிட் இதை நாடகமாக்க, அப்பாதகன் நூறாண்டுக்கு மேல் மேடையில் உலவிவந்தான்.

அவனுக்கு ஒரு பூர்வகதையை அளித்தவர், 1970-களின் தொடக்கத்தில் இதைப் புதிதாக நாடகமாக்கிய கிறிஸ்டோபர் பாண்ட். அவனது அழகிய மனைவியை அடைய விரும்பிய நீதிபதி ஒருவன் பொய்க் குற்றம் சாட்டி நாடு கடத்த, ஆண்டுகள் பல கழித்துத் திரும்பிவந்து பழி தீர்ப்பவனாக நாவிதன் மாறினான். லண்டனில் அந்நாடகத்தைக் கண்டு உள்ளம் கவரப்பெற்ற ஸ்டீபன் சோண்ட்ஹைம், ஹியூ வீலரின் துணையோடு அதைச் சங்கீத நாடகமாக்கினார். 1979 மார்ச்சில் ஹெரால்ட் பிரின்ஸின் டைரக்‌ஷனில் நியூயார்க்கில் அது அரங்கேறியது. பிரின்ஸ் மேடை முழுவதையும் ஓர் இரும்புத் தொழிற்சாலையாகவே அமைத்தார். ஆலைச் சங்கின் அலறல் செவியைத் துளைத்தது. இறுதித் தீர்ப்பு நாளை நினைந்து கத்தோலிக்க திருச்சபை மரித்தோருக்காகப் பாடிவந்த பழைய கீதத்தின் மெட்டைச் சோண்ட்ஹைம் தம் இசையில் இழையவிட்டார். நகர மக்களாக நின்ற கோஷ்டியினர், தொடக்கத்திலும் இடையிடையிலும் முடிவிலும் டாட்டின் கதையைப் பாடி, அவன் செய்கைக்குச் சமூகம் முழுவதையும் பங்காளியாக்கினர்.

பர்ட்டன் செய்த மிகப் பெரிய மாற்றம் இந்தக் கோஷ்டியை அறவே நீக்கியதாகும். சோண்ட்ஹைமின் இசைவோடு நிகழ்ந்த இச்சுருக்கத்தில், அக்கதைப் பாட்டின் மெட்டு மட்டும் படத்தின் தொடக்கத்தில் வாத்திய இசையாக எஞ்சி நிற்கிறது. டாட்டாகவும் லவெட்டாகவும் நடித்த, பாடுவதைத் தொழிலாகக் கொள்ளாத ஜானி டெப்பும் ஹெலனா பானம் கார்ட்டரும், மேடையின் கடைக்கோடி வரை எட்டவேண்டிய கட்டாயமின்றி, குளோசப்பில் முணுமுணுப்பதுபோற் பாடுகின்றனர். தரைப்பலகைக்கு அடியில் மறைந்திருந்த வெள்ளிச் சவரக்கத்திகளை எடுத்து நண்பர்களென விளித்து டாட் பாடும் காட்சியைக் கூர்ந்து நோக்குக. அவன் கண்கள் அலகை விட்டு அகலவில்லை. அருகில் மண்டியிட்டு லவெட் தன் காதலைப் பாடுகிறாள். இருவர் குரலும் ஒரே இசையில் இணைந்தும், அவள் சொல் அவன் செவியில் ஏறவில்லை. உலகோடு அவனுக்கிருந்த உறவு அற்றுப்போனதை அந்த ஒரு பாட்டே உணர்த்திவிடுகிறது.

இத்தகைய தனியன் பர்ட்டனின் படங்களுக்குப் புதியவன் அல்லன். 1982-இல் அவர் எடுத்த ‘வின்சென்ட்’ என்னும் கறுப்பு வெள்ளைக் குறும்படத்தில், பயங்கரப் பட நடிகர் வின்சென்ட் பிரைஸாகத் தன்னையே பாவித்துக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் சிறுவனிடத்தில் அவன் தோன்றிவிட்டான். 1990-இல் வந்த ‘எட்வர்ட் சிஸர்ஹேண்ட்ஸ்’ படத்தில், கைகளுக்குப் பதிலாகக் கத்தரிகள் பூண்டு, மேன்மாடத்தில் தனித்து வாழும் வெளிறிய இளைஞனாக வளர்ந்தான். அவ்விளைஞனும் ஊர்ப் பெண்களின் கூந்தலைக் கத்தரித்து அழகு செய்பவனே. அவனாக நடித்தவரும் ஜானி டெப்பே. தொட விரும்பியவர்களைக் காயப்படுத்தாமல் தொட இயலாத எட்வர்டின் துன்பமே, 17 ஆண்டுகளுக்குப் பின், தொட்டவர்களையெல்லாம் கொல்லும் டாட்டிடத்தில் முற்றி நிற்கிறது. மாடி அறை, வெளிறிய முகம், கண்ணைச் சூழ்ந்த கருமை, கோணலான சாளரம் ஆகிய யாவும், 1920-இல் ஜெர்மனியில் வெளிவந்த ‘டாக்டர் காலிகாரி’ படத்தின் வழியே வந்து பர்ட்டனிடத்தில் நிலைத்துவிட்ட சின்னங்களாம்.

வர்ணப் பிரயோகத்திலும் இத்தொடர்ச்சி விளங்கும். 2005-இல் அவரும் மைக் ஜான்சனும் சேர்ந்து டைரக்ட் செய்த ‘கார்ப்ஸ் பிரைட்’ படத்தில் உயிருள்ளவர் வாழும் உலகு சாம்பல் நிறத்திலும், இறந்தவர் உலகு பல வர்ணங்களிலும் காட்டப்பெற்றன. ‘ஸ்வீனி டாட்’ படத்திலும் நிகழ்கால லண்டன் நிறமிழந்து கிடக்க, மனைவியோடும் குழந்தையோடும் டாட் மகிழ்ந்திருந்த இறந்தகாலமும், கடற்கரை வாழ்வைப் பற்றி லவெட் காணும் நிறைவேறாக் கனவுமே ஒளி பெறுகின்றன. அக்கனவுக்குள்ளும் டாட் முகஞ்சுளித்தே அமர்ந்திருக்கிறான். நிகழ்காலத்தில் அவனுக்கென்று எஞ்சிய நிறம் குருதியின் சிவப்பு ஒன்றே.

கோஷ்டியை நீக்கியதால் ஓர் இழப்பு நேர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். நீதிபதியின் கொடுமைக்கு இடங்கொடுத்த சமூகத்தின் மீது பாண்டும் பிரின்ஸும் சாட்டிய குற்றம், திரையில் தன் கூர்மையை இழந்துவிட்டது. ஆயினும், பழிவெறியில் பிச்சைக்காரியொருத்தியைக் கொன்ற டாட், அவளே தன் மனைவியென்று உணரும் கட்டத்தில், படம் தன் முன்னோடிகள் எட்டாத ஆழத்தை எட்டுகிறது. கோஷ்டியும் முடிவுப்பாட்டும் இல்லாமையால், நாம் அவனோடு தனித்து விடப்படுகிறோம். சமூகத்தின் மேல் பாரத்தை இறக்கிவைக்க வழியில்லை. அநீதி இழைக்கப்பட்டவன் பழியொன்றையே வாழ்வாகக் கொண்டால், எவர் பொருட்டுப் பழி பூண்டானோ அவரையே அறியாதவனாகிவிடுவான் என்னும் உண்மை, பொருளாசைப் பாதகனைப் படைத்த 1846-ஆம் ஆண்டின் கதையில் இடம்பெறவே முடியாதது. ஆதலின், சமூகத்தின் குற்றத்தை அறிய விழைவோர் சோண்ட்ஹைமின் நாடகத்தையும், பழியுணர்ச்சி மனிதனுக்குள் செய்யும் நாசத்தை அறிய விழைவோர் பர்ட்டனின் படத்தையும் நாடுவாராக. இரண்டும் சேர்ந்தாலன்றி இக்கதையின் சரித்திரம் நிறைவுறாது.