யானை விலையும் தீனிச் செலவும்

ஊர் ஊராய் மாற்றலாகிப் போகும் நம் போன்றவர்கள் வீட்டில், பிள்ளைகளுக்குத் துணையாக வந்து சேரும் சாமான்களில் ஒன்று வீடியோ கேம். எது 'பவர்ஃபுல்' என்று அவர்களுக்குத் தெரியும். பி.காம். படித்து பேங்க்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கோ முதலில் விலைதான் கண்ணில் படும். அந்தக் கண்ணோடு பார்த்தால், இந்தத் தொழிலில் என்னைக் கவர்ந்தவர் ஜப்பானியரான கும்பெய் யோகோய்.

1965-ல் நிண்டெண்டோவில் சேர்ந்தார். அப்போது அது சீட்டுக்கட்டு தயாரித்த கம்பெனி. இவருக்கு மெஷின் பராமரிப்பு வேலை. 1970களில் கால்குலேட்டர் கம்பெனிகளின் போட்டியில் எல்.சி.டி. திரையின் விலை சரிந்தது. ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து இவருக்குப் பொறி தட்டியதாம். 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. புத்தம்புதுசு வேண்டாம், பழகித் தேறி விலை இறங்கியதைப் புது இடத்தில் பயன்படுத்து. இதுதான் அவர் கொள்கை.

விலை மட்டுமல்ல, விரலையும் யோசித்தார். மடக்கிப் பையில் போடும் கருவியில் ஜாய்ஸ்டிக் துருத்திக்கொண்டு நிற்குமே! 1982-ல் வந்த 'டாங்கி காங்' கருவியில் கூட்டல் குறி போன்ற பட்டனை வைத்தார். கீழே பார்க்காமலே கட்டைவிரல் திசையைத் தெரிந்துகொள்ளும்.

1989-ல் கேம் பாய். ஜப்பானில் 12,500 யென், அமெரிக்காவில் சுமார் 90 டாலர். வண்ணம் இல்லை, திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. அதே ஆண்டு வண்ணத்திரையோடு வந்த அடாரி லிங்க்ஸ் சுமார் 180 டாலர். அடுத்து வந்த சேகாவின் கேம் கியர் 150 டாலர். ஆறு பென்சில் பேட்டரியைப் போட்டால் சில மணி நேரத்தில் தின்றுவிடும். கேம் பாய்க்கு நான்கே பேட்டரி, பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். யானை வாங்குவது ஒரு செலவு, தீனி போடுவது தினச் செலவு இல்லையா? பின்னால் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து 11.8 கோடிக்கு மேல் விற்றது. கேம் கியர் ஒரு கோடி சொச்சம்தான்.

சரி, மலிவான பாகம் போட்டால் ஜெயம் நிச்சயமா? அதுவும் இல்லை. 1995-ல் இதே யோகோய் செய்த 'விர்ச்சுவல் பாய்' விழுந்தது. செலவு குறைய சிவப்பு எல்.இ.டி. மட்டும் போட்டார்கள். மேஜைமேல் வைத்து, குனிந்து கண்ணைப் புதைத்து ஆடவேண்டும். கண்ணும் கழுத்தும் வலிக்கிறது என்றார்கள். ஓராண்டுக்குள் கடையிலிருந்தே போய்விட்டது. விலையைக் கவனித்தவர் அந்த ஒரு முறை உடம்பைக் கவனிக்கவில்லை.

1996-ல் நிண்டெண்டோவை விட்டு விலகினார். 1997-ல் சாலை விபத்தில் இறந்தார். கடைசியாக அவர் கைவைத்த 'வொண்டர்ஸ்வான்' 1999-ல் வெளியானது. விலை 4,800 யென், ஒரே ஒரு பேட்டரி. மனிதர் தன் பாதைக்கே திரும்பிவிட்டார்!

ஆகவே பெற்றோர்களே, கடைக்குப் போனால் பவரைப் பற்றிப் பிள்ளைகள் பேசட்டும். வாங்கிய பிறகு என்ன செலவு, பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் ஒத்துவருமா என்ற இரண்டு கேள்விகளை நாம் கேட்போம்.