சொந்தக் குடியிருப்புக்காக வெளியேற்றம்: நியூயார்க் வாடகைச் சட்டத்தின் வரலாறு

நியூயார்க் நகரில் வாடகை நிலைப்படுத்தல் சட்டம் 1969-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இச்சட்டத்தின் கீழ் வரும் அடுக்குமாடி வீடுகளில் வாடகை உயர்வுக்கு வரம்பு உண்டு. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் உரிமையும் குடியிருப்பவருக்கு உண்டு. இதற்கு ஒரு முக்கிய விதிவிலக்கு இருந்தது. உரிமையாளர் தாமோ தம் நெருங்கிய குடும்பத்தினரோ குடியிருப்பதற்காக ‘ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட’ வீடுகளைத் திரும்பப் பெறலாம். அந்த எண்ணம் நேர்மையானதாக இருந்தால் போதும்.

மன்ஹாட்டனின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் 15 வீடுகள் கொண்ட ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை அதன் உரிமையாளர்கள் முழுவதுமாகத் தங்கள் குடும்ப இல்லமாக மாற்ற முனைந்தனர். வாடகைதாரர்கள் வழக்குத் தொடுத்தனர். ஒரு குடும்பத்துக்கு 15 வீடுகள் தேவையா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. 2008-இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமையாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சட்டம் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கவில்லை என்பது அதன் அடிப்படை.

2019 ஜூன் மாதம் நியூயார்க் மாநில சட்டமன்றம் அந்த வாசகத்தையே மாற்றியது. இனி ஒரு வீட்டை மட்டுமே கோரலாம்; ‘உடனடியான, கட்டாயமான தேவை’ இருப்பதையும் உரிமையாளர் காட்ட வேண்டும். 62 வயதை எட்டியவர், உடற்குறை உள்ளவர், 15 ஆண்டுகள் குடியிருந்தவர் ஆகியோரை வெளியேற்ற வேண்டுமானால், அருகிலேயே அதே வாடகைக்கோ அதைவிடக் குறைவாகவோ நிகரான வீடு தர வேண்டும். முன்பு உரிமையாளரின் எண்ணத்தை மட்டும் எடைபோட்ட நீதிமன்றம், இப்போது அவரது தேவையையும் எடைபோடுகிறது.