ஏர் பூட்ட முடியாத நாள்

அலபாமாவில் பாஸ் மீன் பிடிப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கடைசியில் 1932இல்தான் வந்து நிற்பார்கள். பொருளாதார வீழ்ச்சிக் காலம். பக்கத்து ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற இருபது வயது விவசாயி. ஜூன் 2 அன்று மழையில் நிலம் ஊறிக் கிடந்ததால் ஏர் பூட்ட முடியவில்லை. நண்பரோடு மாண்ட்கோமரி ஏரிக்குத் தூண்டில் போடப் போனார். சிக்கிய பாஸின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ்; பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். எடை பார்த்து, ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம் பத்திரிகையின் போட்டிக்கு எழுதிப் போட்டார். 75 டாலர் பெறுமான பொருள்கள் பரிசு. மீன் வீட்டில் சமையலாகிவிட்டது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீனும் பெர்ரியின் உலகச் சாதனையைச் சமன் செய்ததாகத்தான் பதிவாயிற்று.

அடுத்த மழை 1967இல். இன்ஷூரன்ஸ் விற்றுவந்த ரே ஸ்காட், மிஸிஸிப்பியின் ஜாக்சனுக்கு மீன் பிடிக்கப் போனார். மழை கெடுத்தது. ஓட்டல் அறையில் டிவியில் கூடைப்பந்து பார்த்தபோது, பாஸுக்கும் இப்படிப் போட்டி நடத்தினால் என்ன என்று தோன்றியது. அந்த ஜூனிலேயே ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் தலைக்கு 100 டாலர் கட்டி 106 பேர் இறங்கினார்கள். 1972இல், பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடும் வழக்கத்தையும் ஸ்காட் போட்டிகளில் புகுத்தினார்.

இந்த இரண்டு மழைக்கும் இடையில் ஏரிகளே மாறிவிட்டன. வெள்ளத்தைத் தடுக்கவும் மின்சாரம் எடுக்கவும் 1933இல் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் ஆற்றை மறித்து அணைகள் கட்டியது. நான் தூண்டில் போடும் கன்டர்ஸ்வில் ஏரி 1939இல் முடிந்த அணையால் உண்டானது. கரையில் வீடுகள் வந்தன. வீடுகளுக்கு மரப் படகுத்துறைகள் முளைத்தன. பாஸுக்கு அது ஓசியில் கிடைத்த கூரை. சுள்ளென்று வெயிலடித்தால் பலகைக்கு அடியில் நிழலோடு ஒட்டிக் கிடக்கும். தூண்களுக்கு நடுவே குறிபார்த்து எறிந்தால்தான் உண்டு. மந்தாரம் போட்டுத் தூறினால் அந்த நிழலுக்கு வேலையில்லை. மீன் வெளியே வந்து துறையின் ஓரமாகவே இரை தேடித் திரியும். தூறல் நீர்ப்பரப்பைக் கலைப்பதால் நூலும் படகும் அதன் கண்ணில் சட்டென்று படாது. ஸ்பின்னர்பெய்ட் என்ற செயற்கை இரையைத் துறை நீளத்துக்கும் இழுத்துக்கொண்டே போகலாம். இடி கேட்டால் மட்டும் உடனே கரையேறிவிட வேண்டும்.

இந்த விளையாட்டை வளர்த்தவர் ஸ்காட், அதில் சந்தேகமில்லை. மீனை விட்டுவிடுவதும் நல்ல பழக்கம்தான். பெரிய மீன்களை நானும் விட்டுவிடுகிறேன். ஆனால், உலகச் சாதனை மீனைத் தின்றுவிட்டாரே என்று துறையில் யாராவது பெர்ரியைக் கிண்டல் செய்தால் எனக்குப் பொறுக்காது. உழவு நின்ற நாளிலும் அடுப்பு எரிய வேண்டியிருந்த வீடு அவருடையது.