ரொன்செஸ்வாயெஸ்: பாதயாத்திரை தொடங்கும் மலை மடம்

ரொன்செஸ்வாயெஸ், வடக்கு ஸ்பெயினின் நவார்ரா பகுதியில், பிரெஞ்சு எல்லையை ஒட்டிய பிரனீஸ் மலைத்தொடரில் உள்ள சிற்றூர். பாஸ்க் மொழியில் இதன் பெயர் ஒர்ரெயாகா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 950 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரின் பெரும்பகுதி ஒரு பழைய மடத்தின் கட்டடங்களே. தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று அழைக்கும் திருத்தூதர் பெரிய யாக்கோபின் கல்லறை, ஸ்பெயினின் வடமேற்கில் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகரில் இருப்பதாக நம்பப்படுகிறது. அந்நகருக்கு நடந்து செல்வோரில் பலர் ரொன்செஸ்வாயெஸிலிருந்தே புறப்படுகின்றனர். ஊரை விட்டு வெளியேறும் நெடுஞ்சாலையில் உள்ள பலகை, சந்தியாகோவுக்கு 790 கிலோமீட்டர் என்று காட்டுகிறது.

இன்று பயணத்தின் தொடக்கமாகக் கருதப்படும் இம்மடம், பயணிகள் வழியிலேயே இறந்துவிடாமல் காப்பதற்காகக் கட்டப்பட்டது.

கணவாயின் ஆபத்து

இடைக்காலத்தில் யாத்திரைக்கெனத் தனித் தொடக்க இடம் கிடையாது. ஒவ்வொருவரும் தம் வீட்டு வாசலிலிருந்தே நடக்கத் தொடங்கினர். பிரான்சிலிருந்து வந்த பல வழிகள் மலையடிவாரத்தில் ஒன்றுகூடி, இபான்யேதா கணவாயை நோக்கி ஏறின. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யாத்திரை வழிகாட்டி நூலொன்று, இந்த மலைவழியில் எட்டு மைல் ஏற்றமும் எட்டு மைல் இறக்கமும் உண்டு என்று கூறுகிறது.

இந்தக் கணவாய் வரலாற்றில் முன்பே பெயர் பெற்றிருந்தது. பொ.ஆ. 778-இல் மன்னர் சார்லமேனின் படை ஸ்பெயினிலிருந்து திரும்பும்போது, அதன் பின்னணிப் படையைப் பாஸ்க் மக்கள் இங்கே தாக்கி அழித்தனர். தளபதி ரோலான் அதில் கொல்லப்பட்டார். பின்னாளில் எழுந்த பிரெஞ்சுக் காவியம் இந்நிகழ்வை ஐரோப்பா முழுவதும் பரப்பியது.

யாத்திரிகர்களுக்கு எதிரியாக இருந்தவை பனியும் மூடுபனியும் ஓநாய்களும். பலர் பனியில் புதைந்தும் ஓநாய்களுக்கு இரையாகியும் மாண்டதையே மடம் தோன்றியதற்கான காரணமாக அதன் தொடக்ககால ஆவணம் குறிப்பிடுகிறது.

சத்திரத்தின் தோற்றம்

1127-க்கும் 1132-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், பம்ப்லோனா ஆயர் சாஞ்சோ தே லாரோசா இங்கு ஒரு 'ஒஸ்பித்தால்' நிறுவினார். அக்காலத்தில் அச்சொல் நோயாளிகளுக்கான மருத்துவமனையை மட்டும் குறிக்கவில்லை. உணவு, படுக்கை, மருத்துவம் மூன்றும் தரும் சத்திரத்தைக் குறித்தது. புனித அகுஸ்தீன் ஒழுங்கைப் பின்பற்றிக் கூட்டாக வாழ்ந்த குருமார் அதை நடத்தினர்.

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட 'லா பிரெசியோசா' என்னும் இலத்தீன் கவிதை இதன் பணிகளை விவரிக்கிறது. வருவோரின் கால்கள் கழுவப்பட்டன, முடி திருத்தப்பட்டது, கிழிந்த காலணிகள் தைத்துத் தரப்பட்டன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நோயாளர் இல்லங்கள் இருந்தன. கத்தோலிக்கருக்கு மட்டுமன்றி யூதருக்கும் பிற சமயத்தாருக்கும் கதவு திறந்திருந்தது என்றும் அக்கவிதை கூறுகிறது. சிலுவைப் போர்கள் நடந்த காலத்தில் இப்படி ஒரு செய்தி பதிவானது குறிப்பிடத்தக்கது. மலையில் சிக்கியவனிடம் சமயம் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்பதை இம்மடம் உணர்ந்திருந்தது.

மூடுபனி சூழ்ந்த வேளைகளில், திசை தெரியாமல் நடப்பவர்களுக்கு வழிகாட்ட இபான்யேதாவில் மணி ஒலிக்கப்பட்டது. அதையும் மீறி இறந்தவர்களுக்கு இடமளித்தது, 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தூய ஆவி சிற்றாலயம். இதன் அடியிலுள்ள குழியில் யாத்திரிகர்களின் எலும்புகள் சேர்க்கப்பட்டன. ரோலானின் வீரர்களுக்காகச் சார்லமேன் கட்டியது என்ற மரபுக்கதையும் இதற்கு உண்டு.

நவார்ரா மன்னர் ஏழாம் சாஞ்சோவின் ஆதரவில் எழுந்த கோதிக் பாணித் தேவாலயம் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அம்மன்னரின் கல்லறையும் மடத்திலேயே உள்ளது.

மறுமலர்ச்சி

சமயச் சீர்திருத்தத்துக்கும் போர்களுக்கும் பின் யாத்திரை தளர்ந்தது. 1980-களில் எலியாஸ் வாலின்யா என்ற பங்குத்தந்தை, வழியெங்கும் மஞ்சள் அம்புக்குறிகள் வரைந்து பாதையை மீட்டெடுக்கப் பாடுபட்டார். 1987-இல் ஐரோப்பிய மன்றம் இதை முதல் ஐரோப்பியப் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. 1993-இல் ஸ்பெயினிலுள்ள பாதை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது.

நடைப்பயணிகள் இப்போது பேருந்திலோ காரிலோ ரொன்செஸ்வாயெஸ் வந்து, யாத்திரைச் சான்றேட்டில் முத்திரை பெறுகின்றனர். மாலைத் திருப்பலியின் முடிவில் பல மொழிகளில் அவர்களுக்கு ஆசி வழங்கப்படுகிறது. மறுநாள் காலையில் நடை தொடங்குகிறது. இன்னும் பலர் பிரான்சின் சேன்-ழான்-பியே-தெ-போர் நகரில் தொடங்கி, 1,400 மீட்டருக்கும் மேலே ஏறி, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நடந்து முதல் இரவில் இங்கு வந்து சேர்கின்றனர்.

அந்த உயர்வழி நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடப்படுகிறது. அம்மாதங்களில் பள்ளத்தாக்கு வழியாகவே வர வேண்டும். மடம் கட்டப்பட்டு 900 ஆண்டுகள் நெருங்கும் இன்றும், அதைக் கட்டவைத்த பனியின் ஆபத்து நீங்கிவிடவில்லை.