சிங்கப்பூரில் மூத்த ஊழியர் மறுவேலைவாய்ப்பும் முதலாளிகளின் பொறுப்பும்

சிங்கப்பூரில் ஓய்வு வயதை எட்டிய ஊழியர் தொடர்ந்து உழைக்க விரும்பினால், தகுதியுள்ளவருக்கு மீண்டும் வேலை தர முன்வர வேண்டிய கடமை அவருடைய முதலாளிக்கு உண்டு. இதற்கு மறுவேலைவாய்ப்பு என்று பெயர். 2012 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஓய்வு, மறுவேலைவாய்ப்புச் சட்டம் இக்கடமையை வகுத்தது. மனிதவள அமைச்சு, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், சிங்கப்பூர்த் தேசிய முதலாளிகள் சம்மேளனம் ஆகிய மூன்றும் சேர்ந்து பேசி முடிவெடுக்கும் முத்தரப்பு முறையில் இந்த ஏற்பாடு வளர்ந்து வந்துள்ளது. சட்டம் குறைந்தபட்ச வயதை வகுக்கிறது. அந்த வயதைத் தாண்டியவர் கண்ணியத்தோடு வேலை செய்ய முடிகிறதா என்பது சம்பளம், பணிநேரம், வேலையின் அமைப்பு ஆகியவற்றில் முதலாளி எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது.

பின்னணி

சிங்கப்பூரில் முன்பு 55 வயதே வழக்கமான ஓய்வு வயதாக இருந்தது. ஊழியரும் முதலாளியும் மாதந்தோறும் பணம் செலுத்தும் மத்திய சேம நிதியிலிருந்து சேமிப்பை எடுக்கும் வயதும் அதுவே. 1984இல் அமைச்சர் ஹவ் யூன் சோங் தலைமையிலான குழு, பணம் எடுக்கும் வயதை 60 ஆக உயர்த்தப் பரிந்துரைத்தபோது மக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. வேலை 55இல் முடிந்துவிட, சேமிப்பு மட்டும் 60 வரை கைக்கு வராது என்றால் இடைப்பட்ட ஆண்டுகளில் குடும்பம் எப்படி நடக்கும் என்ற கேள்வி நியாயமானது. வேலையில் நீடிக்க வழி செய்யாமல் முதுமைக்கான சேமிப்பைப் பற்றிப் பேச முடியாது என்பதை அந்த எதிர்ப்பு உணர்த்தியது.

மொத்தக் கருவள விகிதம் தொடர்ந்து சரிந்து 2023இல் 0.97 ஆனது. 2030 வாக்கில் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ ஆகியிருப்பார் என்பது அரசின் மதிப்பீடு. இதனால் மூத்தவர்களின் உழைப்பு குடும்பத்துக்கு மட்டுமன்றி நிறுவனங்களுக்கும் தேவையாகிவிட்டது.

வயது வரம்புகளின் வளர்ச்சி

1993 ஜூலையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 எனச் சட்டமாயிற்று. 1999இல் அது 62 ஆனது. 2012இல் மறுவேலைவாய்ப்பு வயது 65 எனச் சேர்க்கப்பட்டு, 2017 ஜூலையில் 67 ஆக உயர்ந்தது. 2022 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 63, மறுவேலைவாய்ப்பு வயது 68. அரசாங்கச் சேவையில் இம்மாற்றம் ஓராண்டு முன்னதாகவே வந்தது. 2026 ஜூலை 1 முதல் இவை 64, 69 எனவும், 2030க்குள் 65, 70 எனவும் திட்டமிடப்பட்டுள்ளன.

ஓய்வு வயது என்பது ஊழியர் வேலையை விட்டே ஆக வேண்டிய வயது அன்று. அந்த வயதுக்குமுன் வயதைக் காரணம் காட்டி அவரை நீக்கக்கூடாது என்பதே அதன் பொருள். ஓய்வு வயதுக்கும் மறுவேலைவாய்ப்பு வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் முதலாளியின் கடமை முழுமையாகச் செயல்படுகிறது.

முதலாளியின் கடமைகள்

குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்து, அந்த நிறுவனத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு பணியாற்றி, வேலைத்திறன் திருப்தியளிக்கும் வகையிலும் உடல்நலம் வேலைக்கு ஏற்றதாகவும் உள்ளவர் மறுவேலைவாய்ப்புக்குத் தகுதி பெறுகிறார். ஒப்பந்தம் குறைந்தது ஓராண்டுக்கு இருக்க வேண்டும். மறுவேலைவாய்ப்பு வயது வரை அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம்.

ஓய்வு வயதுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே ஊழியரிடம் பேச்சைத் தொடங்கி, மூன்று மாதங்களுக்கு முன் ஒப்பந்தத்தைக் கையில் தர வேண்டும் என்கின்றன முத்தரப்பு வழிகாட்டி நெறிகள். இந்த ஆறு மாதம் மிக முக்கியமானது. முன்கூட்டிப் பேசும் நிறுவனத்தில் ஊழியர் வேறு பிரிவுக்கு மாறப் பயிற்சி பெறலாம், பணிநேரத்தைக் குறைக்கக் கேட்கலாம், குடும்பத்தோடு கலந்து முடிவெடுக்கலாம். கடைசி வாரத்தில் கடிதம் நீட்டப்பட்டால் தந்ததை ஏற்பதைத் தவிர அவருக்கு வழியில்லை.

நிறுவனத்துக்குள் ஏற்ற வேலை எதுவும் இல்லையென்றால், ஊழியரின் சம்மதத்தோடு வேறொரு முதலாளியிடம் அக்கடமையை ஒப்படைக்கலாம். அதுவும் இயலாவிட்டால், வேலை தேடும் காலத்துக்கு உதவியாக ஒருமுறை வழங்கும் உதவித்தொகையை முதலாளி கொடுக்க வேண்டும். பொதுவாக மூன்றரை மாதச் சம்பளத்தைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. அதற்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் உண்டு. எல்லா வழிகளையும் ஆராய்ந்த பிறகே இந்தத் தொகைக்குப் போக வேண்டும்.

சம்பளமும் சேம நிதியும்

பணிமூப்புக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயரும் சம்பள முறை, வயதானவரை நிறுவனத்தின் கண்ணுக்குச் செலவாகக் காட்டியது. அதை ஈடுசெய்ய, 60 வயதானவரின் சம்பளத்தில் 10 விழுக்காடு வரை குறைக்கச் சட்டம் முன்பு அனுமதித்தது. அதே வேலையைச் செய்பவருக்குப் பிறந்தநாள் வந்ததும் சம்பளம் குறைவது அநீதி. 2017 ஜூலையில் அந்த அனுமதி நீக்கப்பட்டது. ஆயினும், மறுவேலைவாய்ப்பில் வேலையின் தன்மையோ பொறுப்போ மாறும்போது சம்பளத்தைப் புதிதாகப் பேசி முடிவு செய்யலாம்.

சேம நிதியிலும் இதே கதைதான். 55 வயது வரை முதலாளி 17 விழுக்காடும் ஊழியர் 20 விழுக்காடும் செலுத்துகின்றனர். அதற்கு மேற்பட்டவர்களுக்கு வேலை கிடைப்பதை எளிதாக்க, 1988 முதல் அவர்களுக்கான விகிதம் குறைக்கப்பட்டது. வேலை தக்கினாலும் சேமிப்பு சுருங்கியது. 2022 முதல் இவ்விகிதங்கள் படிப்படியாக உயர்த்தப்படுகின்றன. 2025இல் 55 முதல் 60 வயது வரையுள்ளோருக்கு மொத்தம் 32.5 விழுக்காடு செலுத்தப்பட்டது. முதலாளிகளுக்கு ஏற்படும் கூடுதல் செலவில் ஒரு பகுதியை அரசு ஈடுசெய்கிறது.

அரசின் ஊக்குவிப்பு

அப்போதைய நிதியமைச்சரும் இன்றைய அதிபருமான தர்மன் சண்முகரத்னம் 2011 வரவுசெலவுத் திட்டத்தில் சிறப்பு வேலைவாய்ப்பு ஊக்கத்தொகையை அறிவித்தார். குறைந்த வருமானம் ஈட்டும் மூத்த ஊழியரின் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு முதலாளிக்குத் திருப்பித் தந்தது. 2021இல் இதன் இடத்தில் மூத்தோர் வேலைவாய்ப்பு ஊக்கத்தொகை வந்தது. பகுதிநேர வேலை தர முன்வரும் நிறுவனங்களுக்குத் தனி மானியமும் உண்டு. இதில் ஓர் ஊழியருக்கு 2,500 வெள்ளி வரை, ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,25,000 வெள்ளி வரை கிடைக்கும். 2024 டிசம்பர் 1 முதல், நீக்குப்போக்கான பணிமுறை கேட்கும் ஊழியரின் விண்ணப்பத்தை முறையாகப் பரிசீலிக்குமாறு முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் எல்லா முதலாளிகளையும் கோருகின்றன.

வேலையை மாற்றியமைத்தல்

வயதுக்கேற்ப வேலையைத் திருத்தும் நிறுவனங்களே மூத்தவர்களை நெடுங்காலம் தக்கவைக்கின்றன. கனமான பொருளைத் தூக்க இயந்திரத் துணை, நின்றபடி செய்த வேலைக்கு இருக்கை, பெரிய எழுத்தில் திரை, இரவுப் பணியிலிருந்து விலக்கு, புதியவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பு எனப் பல வழிகள் உள்ளன.

இதற்கு உலகறிந்த சான்று ஜெர்மனியில் இருக்கிறது. 2007இல் டிங்கால்ஃபிங் நகரத் தொழிற்சாலையில் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஓர் உற்பத்தி வரிசையில், சராசரி வயது 47 ஆகும்படி ஊழியர்களை அமர்த்தியது. மரத்தளம், உயரம் மாற்றக்கூடிய நாற்காலி, உருப்பெருக்கி என ஏறக்குறைய 70 சிறு மாற்றங்களை ஊழியர்களே கலந்து பேசி முடிவுசெய்தனர். செலவு சுமார் 40,000 யூரோ. ஓராண்டில் உற்பத்தித்திறன் 7 விழுக்காடு உயர்ந்தது. வயதானால் வேலை ஓடாது என்ற எண்ணத்துக்கு இது தெளிவான மறுப்பு.

எட்டாத இடங்கள்

சட்டத்தின் காவல் பெரும்பாலும் ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கே. 55 வயதுக்குப்பின் புதிய நிறுவனத்தில் சேர்ந்தவருக்கு, வயதைக் காரணமாக்கி நீக்குவதற்கு எதிரான பாதுகாப்பு இல்லை. 58 வயதில் ஆட்குறைப்புக்கு ஆளானவரை வேலைக்கு எடுக்கும்படி எந்த முதலாளியையும் சட்டம் கட்டாயப்படுத்துவதும் இல்லை.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிட நியாயச் சட்டம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப முனைகிறது. ஆளெடுப்பு முதல் பணிநீக்கம் வரை வயது அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்க அது வகை செய்கிறது; 55 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு முன்னுரிமை தருவதை அனுமதிக்கிறது. ஆனால் 25 பேருக்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. ஐந்தாண்டுக்குப்பின் அவ்விலக்கு மறுஆய்வு செய்யப்படும். சிறிய கடையில் வேலை கேட்டு நிற்பவருக்கும் பெரிய வங்கியில் கேட்பவருக்கும் முதுமை ஒன்றே. அந்த விலக்கு நீங்கும்போதுதான், ஓய்வு வயதை உயர்த்தியதன் பலன் வேலை இழந்து மீண்டும் தேடும் மூத்தவர்களுக்கும் கிடைக்கும்.