அபமேயாவின் நோவா நாணயம்

பிரிஜியாவின் கிரேக்க நகரமான அபமேயா, ரோமப் பேரரசர்களின் ஆட்சிக்காலத்தில் அடித்த வெண்கல நாணயம். பண்டைய நாணயங்களில், பெருவெள்ளத்திலிருந்து பேழையில் தப்பிய விவிலிய நோவாவின் கதை பொறிக்கப்பட்டது இந்நகரத்தில் மட்டுமே.

இன்றைய துருக்கியின் தினார் நகரம் இருக்குமிடமே அபமேயா. மியாண்டர் ஆற்றின் ஊற்றுகள் இங்குள்ளன. இதற்கு முன்பு இங்கிருந்த கெலைனாய், பாரசீகர் காலத்தில் அரண்மனையும் வேட்டைக்காடும் கொண்ட ஊர். செலூசிட் மன்னர் முதலாம் அந்தியோக்கஸ் அதன் மக்களைக் கீழே குடியமர்த்தி, தாய் அபமாவின் பெயரால் புது நகரம் கண்டார். கி.மு. 188இல் மூன்றாம் அந்தியோக்கஸுக்கும் ரோமுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டதும் இங்குதான். ஆசிய மாகாணத்தில் எபேசுவுக்கு அடுத்த வணிகத்தலம் இதுவே என்கிறார் ஸ்டிராபோ.

ஊருக்குக் ‘கிபோட்டோஸ்’, அதாவது பெட்டி, என்ற அடைமொழி இருந்தது. கிரேக்க விவிலியத்தில் நோவாவின் பேழைக்கும் இதே சொல்தான். பிரிஜியாவில் யூதர்கள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தனர்: மூன்றாம் அந்தியோக்கஸ் 2,000 யூதக் குடும்பங்களை லிதியாவிலும் பிரிஜியாவிலும் குடியேற்றியதாக யோசேபஸ் எழுதுகிறார். ‘சிபில்லாவின் வாக்குகள்’ என்னும் யூத, கிறித்தவ நூலோ பேழை தங்கிய அராரத் மலையையே பிரிஜியாவில் வைக்கிறது.

நாணயத்தின் முகப்பில் பேரரசரின் தலை. பின்புறம் நீரில் மிதக்கும் சதுரப் பெட்டி; அதனுள் ஓர் ஆணும் பெண்ணும். பெட்டிமேல் ஒரு பறவை. மற்றொன்று கிளையை ஏந்திப் பறந்து வருகிறது. இடப்புறம் அதே இணையர் கரையேறி, வலக்கையை உயர்த்தி நிற்கின்றனர். ஒரே காட்சியில் வெள்ளமும் மீட்சியும்! பெட்டியின்மேல் ‘நோவா’ எனக் கிரேக்க எழுத்தில் பெயர் உள்ளதால் ஐயத்துக்கு இடமில்லை. செப்டிமியஸ் செவரஸ் (193–211) காலத்தில் தொடங்கிய இவ்வரிசை, அராபியர் எனப்பட்ட பிலிப்பின் (244–249) காலத்திலும் வெளிவந்தது. பிலிப்பின் நாணயத்தில் மார்க்கஸ் ஆரேலியஸ் அலெக்சாண்டர் என்னும் நகர அதிகாரியின் பெயரும் இருக்கிறது.

இந்நாணயத்தின் உண்மையான அருமை அந்த அதிகாரியின் பெயரில்தான் தெரிகிறது. இதை வெளியிட்டது யூதச் சபையன்று. கிரேக்கப் புராணத்தில் அப்பல்லோ தெய்வத்திடம் இசைப்போட்டியில் தோற்ற மார்சியாஸைத் தன் மண்ணின் மைந்தனாகக் கொண்டாடிய நகர மன்றம். சிறுபான்மையினரின் கதையை ஊர் தன் பெருமையாக ஏற்றுக்கொண்டதற்கு இதைவிட உறுதியான சான்று அரிது. பாரிஸ் தேசிய நூலகத்தின் நாணயச் சேகரிப்பில் ஒரு பிரதி உள்ளது.

மூன்றாம் நூற்றாண்டில் பேரரசின் வெள்ளி நாணயம் மதிப்பிழந்தது. நகரங்கள் சொந்தமாக வெண்கலம் அடிப்பது கட்டுப்படியாகாமல் போக, அபமேயாவின் அக்கசாலையும் ஓய்ந்தது.