கிணறு இல்லாத நிலமும் எரிவாயு வளர்ச்சியும்: தாமிரபரணி வடிநிலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் வரையறையும்

வளரும் நாடுகளின் எண்ணெய், எரிவாயு வளர்ச்சியை ஆராய்வோர் பெரும்பாலும் கிணறு தோண்டிய இடத்திலிருந்தே தொடங்குகின்றனர். நைஜீரியாவுக்கு ஒலோயிபிரி, தமிழகத்துக்கு நரிமணமும் நெடுவாசலும் என்பது அவர்களின் வழக்கம். நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஓர் எண்ணெய்க் கிணறுகூட இல்லாத தாமிரபரணி வடிநிலம். அங்கும் எரிவாயு வளர்ச்சி நடக்கிறது என்பதும், அதன் சுமையை ஆற்றுநீர் தாங்குகிறது என்பதும், அந்தச் சுமையைக் கணக்கிடும் ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

எரிவாயு வளர்ச்சி என நாம் குறிப்பது, வாயுவை நிலத்தடியில் தேடத் தொடங்குவது முதல் அது எரிந்தோ வேறு பொருளாக மாறியோ தீர்ந்துபோகும் இடம் வரையிலான செயல்தொடர் முழுவதையும். இத்தொடரில் பங்குகொள்ளும் நிலங்கள் மூவகை. வாயு வெளிப்படுவது ஊற்றுநிலம். குழாய் கடந்து செல்வது வழிநிலம். வாயு பயன்பட்டுத் தீர்வது பயன்நிலம். ஒரே ஊர் இரு வகையிலும் அமையலாம். இராமநாதபுரம் மாவட்டத்து வழுதூர், உள்ளூர் வாயுவைக் கொண்டே மின்சாரம் ஆக்குவதால், ஊற்றும் பயனும் ஆகிறது.

2. வடிநிலத்தில் ஊற்று இல்லாமைக்குக் காரணம்

எண்ணெயும் வாயுவும் திரள நான்கு அமைப்புகள் வேண்டும்: உயிர்ப்பொருள் செறிந்த மூலப்பாறை, நுண்துளைகள் கொண்ட தேக்கப்பாறை, அதன்மேல் மூடுபாறை, வாயு தப்பாமல் நிற்கும் மடிப்போ பிளவோ ஆகிய பொறி. பொதிகையிலிருந்து சமவெளி வரை தாமிரபரணி ஓடுவது சார்னோக்கைட், நைஸ் முதலிய தொல்பழம் படிகப் பாறைகளின்மேல். கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய இப்பாறைகளில் மூலப்பாறைக்கு இடமில்லை. கரையோரத்துத் தேரி மணல் புவியியல் கணக்கில் மிக அண்மைக்காலத்தது. அதன் அடியில் வாயுவைத் தேடுவதில் பொருளில்லை.

காவிரிப் படுகையின் நிலை வேறு. கோண்டுவானாப் பெருநிலம் பிளந்தபோது தாழ்ந்த அப்பள்ளத்தில் ஆண்டிமடம் அடுக்கு போன்ற தடித்த படிவுகள் சேர்ந்தன. புதுச்சேரியிலிருந்து இராமநாதபுரம் வழியாக மன்னார் வளைகுடா வரை அது நீள்கிறது. கடலின் இலங்கைப் பகுதியில் 2011இல் கெய்ர்ன் நிறுவனம் தோண்டிய டொராடோ, பராகுடா கிணறுகளில் வாயு கிடைத்தது. ஆகவே தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலிலிருந்து பார்த்தால், வாயுவுள்ள படிவுகள் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கின்றன. ஆறு நனைக்கும் நிலத்தில் இல்லை.

3. வழிநிலம்

17.2.2021 அன்று இராமநாதபுரம்–தூத்துக்குடி எரிவாயுக் குழாய் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நீளம் 143 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 700 கோடி ரூபாய். எண்ணூரிலிருந்து தூத்துக்குடி வரை திட்டமிடப்பட்ட நெடுங்குழாயின் தென்கோடி இது. ஓஎன்ஜிசி வயல்களின் வாயு இதன் வழியே தெற்கே வருகிறது.

குழாய் பதிக்கும் நிலத்தை 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் ஆள்கிறது. இச்சட்டம் நிலத்தை வாங்குவதில்லை. பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா உழவர் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் செல்லும் பட்டையில் அவர் வீடு கட்டவும் கிணறு வெட்டவும் மரம் நடவும் கூடாது. சேதத்துக்கான ஈட்டுத்தொகையோடு நில மதிப்பில் பத்தில் ஒரு பங்கு அவருக்குக் கிடைக்கும். கொங்கு மாவட்டங்களில் கெயில் குழாய்க்கு எழுந்த எதிர்ப்பின் வேர் இதுவே. அங்கே மாநில அரசு உழவர் பக்கம் நின்றும், 2016இல் உச்ச நீதிமன்றம் குழாய்க்கே வழிவிட்டது.

4. பயன்நிலம்

நம் ஆய்வின் நடுப்பொருள் இப்பிரிவே. தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை 1975இல் உற்பத்தியைத் தொடங்கியபோது அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்தது. 1986இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆலையின் யூரியாத் திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ 6.2 லட்சம் டன். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கிடைக்கும் நாப்தாவே நெடுங்காலம் அதன் மூலப்பொருள். நாப்தாவை நம்பியிருந்த மணலி, மங்களூரு ஆலைகள் முன்னரே வாயுவுக்கு மாறின. 2021இல் ஸ்பிக்கும் மாறியது.

மாற்றத்தின் வேதியியலைப் பார்ப்போம். வாயுவின் மீத்தேனை உயர் வெப்பத்தில் நீராவியோடு வினைபுரியச் செய்து ஹைட்ரஜன் பெறுகின்றனர். அது காற்றின் நைட்ரஜனோடு சேர்ந்து அம்மோனியா ஆகிறது. அம்மோனியா கரியமில வாயுவோடு சேர்ந்து யூரியா ஆகிறது. நாப்தாவைவிட மீத்தேனில் கார்பனுக்கு எதிரான ஹைட்ரஜனின் விகிதம் மிகுதி; அதனால் எரிபொருள் மிச்சமாகிறது, கரிமக் கழிவும் குறைகிறது. இது மெய்யான நன்மை; மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் முதற்படியிலேயே நீராவி வேண்டும், குளிர்விப்புக் கோபுரங்களுக்கும் நீர் வேண்டும். வாயு வந்ததால் நீர்த்தேவை அற்றுப்போகவில்லை.

அந்நீர் எங்கிருந்து வந்தது? தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது திருவைகுண்டம். தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்காக அங்கிருந்து நாளொன்றுக்கு 20 எம்ஜிடி, அதாவது இரண்டு கோடி கேலன், ஏறத்தாழ ஒன்பது கோடி லிட்டர் நீர் எடுக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. ஆற்றுப் பாசனம் மொத்தம் ஏறத்தாழ 86,000 ஏக்கர். கார், பிசானம் என இருபோகம். அதில் வடகாலும் தென்காலும் பாயும் ஏரல், ஆத்தூர், கொற்கைப் பகுதிகளே கடைமடை. பாபநாசம் அணையில் நீர் குறையும் ஆண்டில் முதலில் காய்வது அங்குள்ள வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். 20 எம்ஜிடி வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதற்கு இந்த நீர்நெருக்கடியே காரணம். ஆலையின் யூரியா திரும்பவும் வயலுக்கே வருகிறது என்று மறுமொழி சொல்லலாம். ஆனால் யூரியாவை நாடெங்கும் உள்ள உழவர் பெறுகின்றனர்; நீரைக் கொடுப்பவர் ஒரே ஆற்றின் கடைமடைக்காரர்.

5. சட்டத்தின் பார்வை

எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு எதிரான நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களின் விளைவாக 2020இல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகியவற்றிலும், கடலூர், புதுக்கோட்டையின் சில பகுதிகளிலும் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வையும் துரப்பணத்தையும் அது தடுக்கிறது. போராடிப் பெற்ற அந்தச் சட்டத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அது ஊற்றுநிலத்தை மட்டுமே காண்கிறது. மண்டலத்துக்குள்ளேயே குழாய்களுக்கு விலக்கு உண்டு. மண்டலத்துக்கு வெளியே இருக்கும் இராமநாதபுரத்தில் 2025இல் 20 ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. எதிர்ப்புக்குப் பின்னரே, அனுமதிக்க மாட்டோம் என மாநில அரசு அறிவித்தது. பயன்நிலத்துக்கோ அச்சட்டத்தில் இடமே இல்லை.

பிற நாடுகளிலும் இதே மூவகையைக் காணலாம். 2003இல் பாயத் தொடங்கிய சாட் எண்ணெய், ஏறத்தாழ 1,070 கிலோமீட்டர் குழாயில் கேமரூனைக் கடந்து கிரிபிக் கடற்கரையை அடைகிறது. கேமரூன் பெறுவது வழிக்கட்டணம். மொசாம்பிக்கின் வாயு 2004 முதல் தென்னாப்பிரிக்காவின் செகுண்டாவுக்குச் செல்கிறது. கிணறு ஒரு நாட்டில், ஆலை வேறொரு நாட்டில். இவை நாடுகளுக்கிடையே நடப்பதால் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டன. ஒரே மாநிலத்துக்குள் நடப்பதால் இராமநாதபுரம், தூத்துக்குடி, திருவைகுண்டம் ஆகியவற்றின் பங்கு எந்த ஒரே ஏட்டிலும் எழுதப்படவில்லை.

6. வேண்டுவது

குழாய்க்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்திலேயே, வாயுவைப் பெறும் ஆலை எந்த ஆற்றின் நீரை, எந்த மாதத்தில், எவ்வளவு எடுக்கும் என்பது இணைக்கப்பட வேண்டும். ஆலைக்கான நீரைக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களிலிருந்து பெறுவதற்குக் காலக்கெடு வேண்டும்; கடலோர ஆலைக்கு இது இயலாததன்று. அதுவரை, பிசான அறுவடை முடிந்து கார் நீர் திறக்கும் வரையுள்ள வறண்ட மாதங்களில், திருவைகுண்டத்திலிருந்து தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நீரின் அளவை, வடகால் தென்கால் மதகுகளின் அளவோடு சேர்த்து, நீர்வளத் துறை அணைக்கட்டிலேயே நாள்தோறும் பலகையில் எழுதிவைக்க வேண்டும்.